மேயர் கதவைத் திறந்தார், கணக்கை யார் திறப்பது?

[காட்சி: தேசியக் கலைக்கூடத்தின் முகப்பு. வரிசையாகப் பெரிய தூண்கள். எதிரே பாடாங் திடல்.]

மேயருக்கும் கவுன்சிலர்களுக்கும் சண்டை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது இந்தியச் செய்திகள்தான். மாநகராட்சிக் கூட்டத்தில் வெளிநடப்பு, டெண்டர் விவரத்தைக் காட்டச் சொல்லிக் கூச்சல், மைக்கை அணைத்துவிட்டார்கள் என்று வாசலில் பேட்டி. சிங்கப்பூரில் இதெல்லாம் ஏது என்று கேட்பீர்கள். இருந்தது. நல்ல காரசாரமாகவே இருந்தது. இப்போது ஓவியம் பார்க்கப் போகிறோமே, இந்தக் கட்டடத்துக்குள்தான்.

1929இல் முனிசிபல் கட்டடமாகக் கட்டியது இது. 1951இல் சிங்கப்பூருக்கு மாநகரத் தகுதி கிடைத்ததும் சிட்டி ஹால் ஆனது. எம்ஆர்டி நிலையத்தின் பெயரில் இன்னும் அது இருக்கிறது. சிட்டி ஹால் என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஒரு நகரசபை இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த நகரசபையின் கதையிலிருந்து தொடங்குகிறேன். பிறகு உங்கள் புளோக்கின் மின்தூக்கி வரைக்கும் வருவேன்.

[திரையில்: 1957 டிசம்பர் – நகரசபைத் தேர்தல் – 32 இடங்கள்]

1957 டிசம்பர். முதன்முறையாக எல்லா உறுப்பினர்களையும் மக்களே தேர்ந்தெடுத்த நகரசபை. மக்கள் செயல் கட்சிக்கு (மசெக) 13 இடங்கள், லிபரல் சோஷலிஸ்டுகளுக்கு 7, தொழிலாளர் முன்னணிக்கு 4, அப்போதுதான் பிறந்திருந்த பாட்டாளிக் கட்சிக்கு 4, மலாய்க்காரர் கட்சியான அம்னோவுக்கு 2, சுயேச்சைகள் 2 பேர். இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். 32 பேரில் 17 பேர் கை தூக்கினால்தான் எதுவும் நடக்கும். யாரிடமும் 17 இல்லை. பெரிய கட்சியின் ஆள் மேயர் ஆகலாம். ஆனால் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் நாலு பேரையாவது இழுத்தாக வேண்டும்.

அப்படி மேயர் ஆனவர் ஓங் எங் குவான். மெல்பர்னில் படித்த கணக்காளர், மசெகவின் பொருளாளர். சிங்கப்பூர் வரலாற்றில் தேர்தல் வழி வந்த ஒரே மேயர் அவர்தான். வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, மேயரின் செங்கோலை ஒழித்தது. காலனி ஆட்சியின் அடையாளம் வேண்டாம் என்றார். பொதுமக்களை உள்ளே வரவிட்டார். துரைமார்கள் நடந்த பளிங்குத் தரையில் சாதாரண ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். புகார் சொல்ல ஒரு பிரிவு வந்தது. கம்பங்களுக்குத் தெருக்குழாயும் தெருவிளக்கும் போயின.

நம்மவர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. தண்ணீர், மின்சாரம், எரிவாயு, சாலை, துப்புரவு எல்லாமே நகரசபையின் கையில் இருந்த காலம். சாலை போட்ட, சாக்கடை வாரிய, குப்பை அள்ளிய தினக்கூலிகளில் தமிழர்கள் ஏராளம். அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளும் அதே சபையின் சொத்து. ஆக, மேசையின் ஒரு முனையில் மேயர், மறுமுனையில் கவுன்சிலர்கள். அவர்கள் பேசிய பணத்தில் ஒரு பகுதி இந்தத் தினக்கூலிகளின் சம்பளம்.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம் போன்ற வரைபடம். அரைவட்ட மேசைகள், நடுவில் உயர்ந்த நாற்காலி.]

இதுவரை கேட்டால் வெளிப்படையான மேயர் என்றுதானே தோன்றுகிறது? மக்களும் அப்படித்தான் நினைத்தார்கள், அவருக்குச் செல்வாக்கு இருந்தது. ஆனால் சபைக்குள் கதை வேறு. அதிகாரத்தை மேயர் தன் கையில் குவிக்கிறார், மூத்த அதிகாரிகளை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறார், வேண்டியவர்களுக்குப் பதவி தருகிறார் என்றெல்லாம் எதிர்த்தரப்பு குற்றம் சாட்டியது. கூட்டங்கள் அமளியாயின. பார்க்க வந்த ஜனங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு, சபை வேலைக்கு அவ்வளவு நல்லதில்லை.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதவைத் திறப்பது ஒரு வகை வெளிப்படைத்தன்மை. கணக்கைத் திறப்பது இன்னொரு வகை. முதலாவதை மேயர் ஒருவரே செய்துவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். இரண்டாவதற்கு, அவரைப் பிடிக்காத ஒருவர் அதே மேசையில் உட்கார்ந்து, ‘இந்த ஆளை எப்படி எடுத்தீர்கள், காகிதத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டிய விதியும் இருக்க வேண்டும். 1957 சபையில் கேட்க ஆள் இருந்தார்கள். விதிதான் பலமாக இல்லை. அதனால் சண்டை ஆவணத்தைப் பற்றி நடக்காமல் ஆளைப் பற்றியே நடந்தது.

1959இல் அது முற்றியது. சபையின் அதிகாரங்கள் சிலவற்றை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஏப்ரலில் மேயரும் அவர் கட்சிக் கவுன்சிலர்களும் பதவி விலகினார்கள். சபை நடந்த விதத்தை ஆராய ஒரு விசாரணை ஆணையம் உட்கார்ந்தது, பொதுத் தேர்தல் நெருங்கியதும் அது முடிவு காணாமலேயே நின்றது. அந்தத் தேர்தலில் மசெக 51இல் 43 இடங்களைப் பிடித்தது. ஓங் எங் குவான் தேசிய வளர்ச்சி அமைச்சர் ஆனார். நகரசபையின் வேலைகள் அரசாங்கத்துக்குப் போயின. தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் வந்தன. நகரசபை என்ற ஒன்று அப்புறம் திரும்பி வரவே இல்லை.

ஓங் எங் குவானின் கதையையும் நாலு வரியில் முடித்துவிடலாம். 1960இலேயே சொந்தக் கட்சித் தலைமையோடு மோதி வெளியேற்றப்பட்டார். அரசாங்கத்தில் வேண்டியவர்களுக்கு வேலை கொடுக்கிறார்கள் என்று சட்டமன்றத்தில் குற்றம் சாட்டினார். நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரித்துப் பார்த்து, ஆதாரம் இல்லை என்றார்கள். அப்படியும் 1961 ஹோங் லிம் இடைத்தேர்தலில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் வாக்கு வாங்கி ஜெயித்தார். ஜனங்களுக்குப் பிடித்திருந்தது, பிடித்துக்கொண்டே இருந்தது.

[காட்சி மாற்றம்: இன்றைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக். கீழ்த்தளம், அஞ்சல் பெட்டிகள், நான்கு மொழி அறிவிப்புப் பலகை.]

சரி, இன்றைக்கு வருவோம். புளோக் கீழே இருக்கும் இந்த அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதி, டெங்கி எச்சரிக்கை, தாழ்வாரத்தில் சைக்கிள் வைக்காதீர்கள் என்று ஒரு தாள். அதற்கு மேலே நாடாளுமன்ற உறுப்பினரின் சிரித்த முகம். இதை ஒட்டுவது நகர மன்றம். பழைய நகரசபையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு பிறவி. 1986இல் அங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கி, 1988இல் சட்டமாகி, தீவு முழுதும் பரவியது. யோசனை எளிமையானது. தொகுதியில் ஜெயித்தவரே பேட்டையையும் நடத்தட்டும், நடத்தத் தெரியாதவரைத் தேர்ந்தெடுத்தால் அதன் பலனை வாக்காளர் அனுபவிக்கட்டும்.

மாதாமாதம் நீங்கள் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் இங்கேதான் போகிறது. துடைப்பக்காரர் சம்பளம், தாழ்வார விளக்கு, கூரை ஒழுகல். ஒரு பகுதி செலவழியாமல் சேமிப்பு நிதியில் சேரும். 2017 முதல் மின்தூக்கி மாற்றுவதற்குத் தனி நிதி வைக்க வேண்டும், கட்டண வருமானத்தில் குறைந்தது 14 விழுக்காடு அதற்கு. நான்காவது மாடிக்கு மேல் இருப்பவர்களுக்கு இந்த 14இன் அருமை தெரியும்.

ஆனால் 1957 சபைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே ஒரே மேசையில் ஆறு தரப்பு. இங்கே ஒரே தரப்பு. பல உறுப்பினர்கள் ஓர் அணியாகப் போட்டியிடும் குழுத்தொகுதியில் ஜெயித்த அணி மொத்தமாக உள்ளே வரும், மற்ற உறுப்பினர்களை அவர்களே நியமிப்பார்கள். தோற்ற கட்சிக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது. அதனால் அமளி இல்லை, வெளிநடப்பு இல்லை, கூட்டம் சீக்கிரம் முடியும். நல்லதுதான். கேள்வி கேட்க வேண்டியவர் மட்டும் வெளியே நிற்கிறார்.

வெளியிலிருந்து வரும் கேள்வி எப்படி வருகிறது என்று பாருங்கள்.

[திரையில்: 2011 – அல்ஜூனிட் குழுத்தொகுதி]

2011 மே தேர்தலில் அல்ஜூனிட் பாட்டாளிக் கட்சியிடம் போனது. எதிர்க்கட்சி குழுத்தொகுதி ஒன்றை வென்றது அதுவே முதல்முறை. கை மாறும்போது கணினி மென்பொருள் பிரச்சினை கிளம்பியது. மசெகவின் 14 நகர மன்றங்கள் பயன்படுத்திய மென்பொருளை, முன்பே 140,000 வெள்ளிக்கு ஏஐஎம் என்ற நிறுவனத்துக்கு விற்றிருந்தார்கள். அந்த நிறுவனம் மசெகவுக்குச் சொந்தமானது. மன்ற உறுப்பினர்கள் மாறினால் ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்று விதி இருந்தது, அந்த நிறுவனம் முடித்துக்கொண்டது. விற்பனையில் சட்ட மீறல் இல்லை என்று தேசிய வளர்ச்சி அமைச்சின் மறுஆய்வு 2013இல் சொன்னது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் விற்ற அன்றைக்கே மன்றத்துக்குள் எதிர்த்தரப்புக் கவுன்சிலர் ஒருவர் இருந்திருந்தால், வாங்குபவர் யார் என்று அன்றே எழுந்து கேட்டிருப்பார். இரண்டு ஆண்டு கழித்து இணையத்தில் கேட்கும் நிலை வந்திருக்காது.

அடி மறுபக்கமும் விழுந்தது. பாட்டாளிக் கட்சியின் புதிய மன்றம், பேட்டையின் அன்றாட வேலைகளைப் பார்க்கும் நிர்வாக முகவராக ஒரு நிறுவனத்தை டெண்டர் இல்லாமல் நியமித்தது. அந்த நிறுவனத்தின் உரிமையாளர்களே மன்றத்தின் முக்கியப் பொறுப்புகளிலும் இருந்தார்கள். அதாவது பில் அனுப்பும் பக்கத்திலும் ஆள், பில்லைப் பார்க்கும் பக்கத்திலும் அதே ஆள். தணிக்கையாளர்கள் கணக்கைச் சுத்தம் என்று சொல்ல மறுத்தார்கள். 2015 பிப்ரவரியில் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை, நாடாளுமன்றத்தில் சூடான விவாதம், 2017இல் வழக்கு. 2019இல் உயர் நீதிமன்றம் கட்சித் தலைவர்கள் நம்பிக்கைக் கடமையை மீறினார்கள் என்றது. 2022 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நியமனத்தில் நல்லெண்ணத்தோடுதான் நடந்தார்கள், ஆனால் பணம் கொடுக்கும் முறையில் தேவையான கட்டுப்பாடு வைக்காதது கவனக்குறைவு என்றது.

ஒரு கேள்விக்கு விடை கிடைக்கப் பதினோரு ஆண்டுகள். வழக்கறிஞர்கள், கணக்காய்வு நிறுவனங்கள், இரண்டு நீதிமன்றங்கள். ‘டெண்டர் ஏன் விடவில்லை, பில்லை யார் சரிபார்க்கிறார்கள்’ என்ற அந்தக் கேள்வியை 1957 சபையில் யாரோ ஒரு கவுன்சிலர் முதல் மாதமே கேட்டிருப்பார். சத்தம் போட்டுத்தான் கேட்டிருப்பார், இருக்கட்டுமே.

அதே 2015ஆம் ஆண்டு ஜூலையில் தலைமைக் கணக்காய்வாளரின் ஆண்டறிக்கையில், சமூக மன்றங்களை நடத்தும் அரசு அமைப்பான மக்கள் கழகமும் மாட்டியது. அதன் அடித்தள அமைப்புகளில் ஒப்பந்தம், பணம் கொடுத்தல், சொந்தத் தொடர்பு உள்ள பரிவர்த்தனைகள் என்று குறைகள் பட்டியலாயின. ஆக, இது ஒரு கட்சியின் நோய் என்று யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

[காட்சி: கைப்பேசித் திரையில் பற்றுச்சீட்டுப் பக்கம். பின்னணியில் காப்பிக்கடை.]

மக்கள் கழகம் என்றதும் இன்றைய மேயர்களையும் சொல்ல வேண்டும். ஆம், நமக்கு இப்போதும் மேயர்கள் இருக்கிறார்கள். ஐந்து பேர். 1997இல் தொடங்கிய சமூக மேம்பாட்டு மன்றங்களின் (சிடிசி) தலைவர்கள். சிடிசி பற்றுச்சீட்டு வந்த பிறகுதான் பலருக்கு அந்த மன்றங்களின் பெயரே தெரியும். இவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஆனால் மேயர் பதவிக்கு யாரும் வாக்களிப்பதில்லை, அது நியமனம். மன்றத்தில் உட்காரும் உறுப்பினர்களும் நியமனம். 2012 சம்பள மறுஆய்வின்படி மேயரின் ஆண்டு ஊதியம் 660,000 வெள்ளி. ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் பின்னால் இந்த எண் காப்பிக்கடையில் சுற்றும். சம்பளம் அதிகமா குறைவா என்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. வேலையை எடைபோட்டு, பிடிக்காவிட்டால் அறைக்குள்ளேயே எதிர்த்து வாக்களிக்க ஒரு ஆளும் அங்கே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

தகவல் உரிமைச் சட்டமும் இங்கே கிடையாது. இந்தியாவில் 2005 முதல் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதிப் போட்டால் சாலை ஒப்பந்தத்தின் நகலைக் கேட்கலாம். இங்கே அமைச்சு வெளியிடுவதைப் படிக்கலாம், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரை வாராந்தரச் சந்திப்பில் நேரில் கேட்கலாம். சந்திப்புக்குப் போனால் டோக்கன் எடுத்துக் கீழ்த்தளத்து நாற்காலியில் காத்திருக்க வேண்டும், முன்னால் வீட்டுப் பிரச்சினை, அபராதம், வேலை அனுமதி என்று வரிசை இருக்கும். அங்கே போய்க் கணக்கு கேட்பவர் அபூர்வம்.

[திரையில்: நகர மன்ற ஆண்டறிக்கை ஒன்றின் பக்கங்கள், மெதுவாகப் புரள்கின்றன.]

கேட்க வழியே இல்லை என்று சொல்லவில்லை. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அமைச்சுக்குச் சோதனை அதிகாரம் கூடியிருக்கிறது. நகர மன்றங்களின் தணிக்கை செய்த கணக்குகள் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகின்றன. மன்றங்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மதிப்பீடும் வெளிவருகிறது. பலரும் பச்சையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடுகிறார்கள்.

மூடாதீர்கள். உங்கள் நகர மன்றத்தின் ஆண்டறிக்கையை எடுங்கள். தலைவரின் செய்தி, மரம் நடும் படங்கள், தீபாவளி ஒளியூட்டு எல்லாவற்றையும் தாண்டுங்கள். தணிக்கையாளரின் அறிக்கை என்று ஒரு பக்கம் வரும். அதில் கருத்து நிபந்தனையில்லாமல் இருக்கிறதா, ‘இது தவிர’ என்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மின்தூக்கி நிதியில் போன ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு. நிர்வாக முகவர் யார், அவருக்குப் போன தொகை எவ்வளவு. கடைசியாக, தொடர்புடைய தரப்பினர் என்று பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். ஏதாவது புரியவில்லை என்றால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அடுத்த சந்திப்புக்கு எடுத்துக்கொண்டு போங்கள். எட்டு மணிக்கு முன்னால் போனால் வரிசை குறைவு.