ஒரே வாக்கில் எட்டு உயிர்கள்

அவையோர்க்கு வணக்கம்.

ஏதென்ஸ் மக்களாட்சி என்றால் நம் மேடைகளில் பெரிக்ளிஸ் பெயர்தான் முதலில் வரும். நான் இன்று அவருடைய மகனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயரும் பெரிக்ளிஸ்தான். தந்தையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அதே மக்கள் சபை மகனைக் கொன்றது. அதுவும் அவர் கடற்போரில் வென்று ஊர் திரும்பிய பிறகு!

கி.மு. 406. எதிரி நகரமான ஸ்பார்ட்டாவோடு 431-இல் மூண்ட போர் இன்னும் ஓயவில்லை. ஏதென்ஸின் கப்பற்படை ஒன்று மைட்டிலினித் துறைமுகத்தில் முற்றுகையில் சிக்கிக்கொண்டது. அதை மீட்க முப்பதே நாளில் 110 கப்பல்களைத் தயார் செய்தார்கள். துடுப்புப் போட ஆள் போதாமல் அடிமைகளையும் ஏற்றினார்கள். அவர்களுக்குப் பின்னர் விடுதலையும் கிடைத்தது. ஆர்கினூசே தீவுகளுக்கு அருகே போர் நடந்தது. எதிரிக்கு எழுபதுக்கு மேற்பட்ட கப்பல்கள் போயின. ஏதென்ஸுக்கு 25.

அந்த 25 கப்பல்கள்தான் வினையாக முடிந்தன. ஒரு போர்க்கப்பலில் ஏறத்தாழ 200 பேர் இருப்பார்கள். உடைந்த பலகைகளைப் பற்றிக்கொண்டு பலர் தத்தளித்தார்கள். அவர்களை மீட்கும் பொறுப்பைத் தளபதிகள் 47 கப்பல்களோடு தெரமெனிஸ், திரசிபூலஸ் முதலிய கப்பல் தலைவர்களிடம் விட்டார்கள். புயல் வந்தது. யாரும் போக முடியவில்லை.

போரில் இருந்த எட்டுத் தளபதிகளில் இருவர் ஊர்ப்பக்கமே வரவில்லை. விவரமானவர்கள்! தத்தளித்தவர்களை மீட்கவில்லை என்று, வந்த ஆறு பேர் சபையில் நிறுத்தப்பட்டார்கள். குற்றம் சாட்டியவர்களில் முன்னால் நின்றவர் யார் தெரியுமா? மீட்கப் போக வேண்டிய அதே தெரமெனிஸ். புயலடித்ததற்கு மாலுமிகளே சாட்சி சொல்ல, கூட்டம் தளபதிகள் பக்கம் சாய்ந்தது. ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது. உயர்த்திய கைகளை எண்ண வெளிச்சமில்லை என்று சபையை ஒத்திவைத்தார்கள்.

இடையில் குடும்பங்கள் கூடும் அபட்டூரியா திருவிழா வந்தது. தலையை மழித்து, கறுப்பு உடுத்தி ஒரு கூட்டம் அடுத்த சபைக்கு வந்தது. அவர்கள் தெரமெனிஸின் ஆட்கள் ஏற்பாடு செய்த போலித் துக்கக்காரர்கள் என்று எழுதுகிறார் அக்கால வரலாற்றாசிரியர் செனபோன். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அத்தனை பேர் மூழ்கிப்போன ஊரில் அழுவதற்குக் கூலிக்கு ஆள் பிடிக்கவா வேண்டும்?

அன்று கல்லிக்சீனஸ் என்பவர் ஒரு தீர்மானத்தோடு வந்தார். இனி வாதம் வேண்டாம். குடிமக்கள் பிரிக்கப்பட்டிருந்த ஒவ்வொரு குலத்துக்கும் இரண்டு ஜாடிகள். குற்றவாளி என்பவர் முதல் ஜாடியில், இல்லை என்பவர் இரண்டாவதில் வாக்குப் போடட்டும். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. மாவுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு தப்பியதாகச் சொன்ன ஒருவரும் எழுந்தார். சாகும் தறுவாயில் இருந்தவர்கள், தளபதிகள் எங்களைக் கைவிட்டார்கள் என்று ஊரில் சொல்லச் சொன்னார்களாம். அதற்கு மேல் எந்தப் புயல் கணக்கு எடுபடும்?

சட்டம் இல்லாமல் இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்ற விதியை யூரிப்டோலெமஸ் என்பவர் எடுத்துக்காட்டினார். தீர்மானமே சட்டவிரோதம் என்று வழக்கும் போட்டார். மக்கள் நினைத்ததைச் செய்ய விடாமல் தடுப்பதா என்று கூட்டம் கொதித்தது. தடுப்பவர்களையும் அதே வாக்கில் சேர்த்துவிடலாம் என்றார் ஒருவர். வழக்கு வாபஸ் ஆனது. சபை நடத்திய குழுவினரும் பயந்து இறங்கி வந்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் சாக்ரடீஸ்.

தனித்தனியே விசாரிக்கலாம் என்று யூரிப்டோலெமஸ் கடைசியாக ஒரு மாற்றுத் தீர்மானம் வைத்தார். கை தூக்கியபோது முதலில் அதுதான் வென்றது. ஆட்சேபம் கிளம்பி மறுபடி எண்ணியபோது தோற்றது. எட்டுப் பேரும் குற்றவாளிகள் என்று முடிவானது. ஊரில் இருந்த ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள்.

சிறிது காலத்திலேயே ஊர் வருந்தியது. கல்லிக்சீனஸ் உள்ளிட்ட ஐவர் மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர் தப்பி ஓடி, 403-இல் திரும்பி வந்து, எல்லாரும் வெறுத்தொதுக்கப் பட்டினியால் செத்தார்.

கூட்டம் என்றாலே முட்டாள்தனம் என்பதற்கு இதை உதாரணம் காட்டுகிறவர்கள் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். போரில் தோற்றுப் பறிபோன மக்களாட்சி 403-இல் மீண்டதும் ஏதென்ஸ்காரர்கள் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். சபையின் எந்தத் தீர்மானமும் சட்டத்துக்கு மேலானதல்ல என்று எழுதி வைத்தார்கள். தனியொருவரைக் குறிவைத்துச் சட்டம் போட வேண்டுமானால் 6,000 பேர் ரகசியமாக வாக்களிக்க வேண்டும் என்றார்கள். புதிய சட்டம் இயற்றும் வேலையையும், உறுதிமொழி எடுத்த தனிக் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள்.