மந்திரம் கால், மதி முக்கால்

(குமரி மாவட்டம் திருவட்டாறு அருகே ஓர் ஊர் வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசியது. நண்பர்கள் கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, எங்கள் பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, அய்யாவழி நிழல்தாங்கலிலிருந்து இந்த மழையிலும் நடந்தே வந்திருக்கும் பெரியவர் அவர்களே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம். மூன்று வழிபாட்டுப் பெரியவர்களும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் சேர்ந்து இருப்பதைப் பார்த்தபோதே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. இன்றைக்கு நான் எடுத்திருக்கும் பொருளை இவர்கள் முன்னால் பேசலாமா என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். இவர்கள் முன்னால்தான் பேச வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வாசகசாலைக்கு இரண்டரை சென்ட் இடம் கொடுத்த குடும்பத்திலிருந்து பேத்தி வந்திருக்கிறாள். மகளே, எழுந்து நில்லு, எல்லாரும் பார்க்கட்டும். மைக் செட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கிற தம்பிக்கும், கட்டஞ்சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்த மகளிர் குழுத் தங்கைகளுக்கும் நன்றி. முப்பத்திரண்டு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். நன்றியைச் சுருக்கிச் சொல்லத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன அமைதி, மனச் சிகிச்சை, ஆன்மிகப் பயிற்சி என்ற பெயர்களில் மனிதரை முழுதாக விழுங்கிவிடும் குழுக்களைப் பற்றிப் பேச வந்தேன். நான்கு செய்தி சொல்வேன். அவர்களிடம் எப்படிச் சிக்குகிறோம், சிக்கியதை எப்படிக் கண்டுகொள்வது, எப்படி மீள்வது, சட்டம் என்ன சொல்கிறது.

எங்கள் அம்மாச்சிக்கு ஒரு பழமொழி உண்டு, உங்களுக்கும் தெரியும். மந்திரம் கால், மதி முக்கால். அந்தக் காலத்தில் விஷக்கடிக்கு ஓதுகிறவர் வீட்டுக்கு ஆளைக் கொண்டுபோவார்கள். அம்மாச்சி கூடப் போகும்போது இதையே சொல்லிக்கொண்டு போவார்களாம். "ஓதுறவனுக்குக் கால் பங்கு கொடு. முக்கால் உனக்க தலையில இருக்கணும். அதையும் கேட்டான்னா எழும்பி வந்துரு." படிக்காத கிழவி. நான் இன்று சொல்லப்போவது எல்லாம் இதற்குள் அடக்கம்.

எனக்கு ஒரு தம்பி. சித்தி மகன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அந்தக் குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அது ஒன்று போனால் அதே வேலைக்கு இன்னொன்று வரும்.

2017 நவம்பர் 30. ஒகிப் புயல் அடித்த நாளை நம் மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டாம். கடற்கரையில் போன உயிர்களுக்கு முன்னால் மரத்தைப் பற்றிப் பேசுவது சரியில்லைதான். ஆனாலும் மலையடிவாரத்தில் ரப்பர் நம்பி வாழ்ந்தவர்களுக்கு அந்த ராத்திரி என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். தம்பிக்கு எழுபது சென்ட் ரப்பர் விளை. விடிந்து போய்ப் பார்த்தால் பாதி மரம் இடுப்பளவில் முறிந்து கிடக்கிறது, சிரட்டையெல்லாம் ஓடையில் மிதக்கிறது. கடன் இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சித்தப்பா இறந்திருந்தார், அவரோடு சண்டை போட்ட அன்றைக்கே. தம்பிக்கு உறக்கம் போயிற்று. பால்வெட்டுக்கு எழும்புகிற மூன்று மணிக்கு எழும்பி, வெட்ட மரமில்லாமல் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருப்பான். டாக்டரைப் பார்த்தான், மாத்திரை எழுதினார்கள், கொஞ்சம் தேறினான்.

அப்போது தெரிந்தவர் ஒருவர் மூன்று நாள் முகாமுக்குக் கூப்பிட்டார். வெளி மாவட்டம். இலவசம். சாப்பாடும் அவர்களே.

முதல் நாள் எல்லாரும் அவனைக் கட்டிப்பிடித்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "அக்கா, அப்பா செத்தபிறகு ஒருத்தன் எனக்க தோளில கை போட்டது அன்னைக்குத்தான்" என்றான் என்னிடம். இதைக் கேட்டு நான் வெட்கப்பட்டேன். நாம் யாரும் போடாத கையை அவர்கள் போட்டார்கள்.

இரண்டாம் நாள் வட்டமாக இருத்தி, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். சித்தப்பாவோடு போட்ட சண்டையைச் சொன்னான். அழுதான். ஒருவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள், "உன் நோய்க்கு வேர் உன் தாய்" என்றார்கள். கட்டணம் அதன் பிறகுதான் வந்தது. அடுத்த நிலை, அதற்கும் அடுத்த நிலை. மாத்திரையைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லி எல்லாரும் கை தட்டினார்கள். மீன் கூடாது. நாலு மணி நேரம்தான் உறக்கம். அவர்கள் தோட்டத்தில் மண் கிளைக்கிற வேலைக்குச் சேவை என்று பெயர். விளை விற்ற பணமும் அங்கேதான் போயிற்று. ஒருநாள் கணக்குக் கேட்டான். அன்று ராத்திரி அந்த நோட்டை எடுத்து, அப்பாவைக் கொன்றவன் என்று எல்லார் முன்னாலும் வாசித்தார்கள்.

மாதம் ஒரு போன், பக்கத்தில் ஒரு ஆள் நிற்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "உனக்கு மூளை இருக்கா? அவன் திருடன்" என்று கத்தினேன். ஒரு வருடம் என்னிடம் அவன் பேசவே இல்லை. 'குடும்பம் உன்னை வெறுக்கும்' என்று அவர்கள் முன்பே சொல்லிவைத்திருக்கிறார்கள், நான் போய் அதை மெய்யாக்கிக் கொடுத்தேன். எங்கள் சித்தி எட்டாம் வகுப்பு. அவர் ஒரு தடவைகூட வா என்று சொன்னதில்லை, குருவைக் குறை சொன்னதில்லை. "வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு மக்களே. கீழ்ப்பக்கத்துப் பிலா இந்த வருசம் காய்க்கல்ல. உனக்க செருப்பு வெளியிலதான் கிடக்கு." இவ்வளவுதான். இரண்டரை வருடம் இதையே பேசினார்.

ஒருநாள் மளிகை வாங்க அவனை டவுனுக்கு அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டைக் கடக்கிறான். நம்ம ஊர் பஸ் ஒன்று கிளம்புகிறது. கண்டக்டர் படியில் நின்று, "நாரோயில் நாரோயில் நாரோயில்... ஏறு, ஏறு!" என்கிறார். அந்தச் சத்தம்தான். யோசிக்கவில்லை, ஏறிவிட்டான். மளிகைக் காசில் டிக்கெட். ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டு முற்றத்தில் நிற்கிறான், கதவைத் தட்டப் பயம். நாய் குரைக்கிறது. சித்தி விளக்கைப் போட்டு வந்து பார்த்தார். என்ன கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

"வந்துட்டியா மக்களே. கை கழுவிட்டு இரி. கிழங்கு இருக்கு, சாளைக் கறி சூடாக்குதேன்."

அவ்வளவுதான் கேட்டார். அந்த மரச்சீனிக் கிழங்கும் பழைய மீன்கறியும் தின்னும்போது அவன் அழுத சத்தத்தில் மேல்வீட்டுக்காரர்கள் எழும்பி வந்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறுவாரம் அவன் செய்த முதல் வேலை, அந்த மளிகைக் காசை மணியார்டரில் திருப்பி அனுப்பியது. எழுபது சென்ட் நிலத்தை வாங்கிக்கொண்டவர்களுக்கு! "அனுப்பாம எனக்கு உறக்கம் வரல்ல அக்கா" என்றான். வெளியே வந்த பிறகும் அந்த வட்டம் மனசுக்குள் எவ்வளவு நாள் இருந்துகொண்டே இருக்கிறது பாருங்கள். அம்மாச்சி சொன்ன முக்காலும் போய், முழு ரூபாயும் போய், அதற்கு மேல் கடனும் தனக்குத்தான் என்று நம்ப வைத்துவிடுகிறார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1958-இல் சார்லஸ் டெடரிச் என்பவர் போதைக்கு அடிமையானவர்களை மீட்கச் சைனனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். நல்ல நோக்கம்தான். அங்கேயும் ஒரு வட்டம். 'விளையாட்டு' என்று பெயர். ஒருவரை நடுவில் வைத்து மற்றவர்கள் கிழிப்பார்கள். குணமாக வந்தவர்கள் வெளியே போக முடியாமல் ஆனார்கள். 1978 அக்டோபரில் அந்த அமைப்பை எதிர்த்து வழக்கு நடத்திய வக்கீலின் தபால் பெட்டிக்குள் கிலுகிலுப்பை விரியனை, சத்தம் போடும் வாலை வெட்டிவிட்டு, போட்டுவைத்தார்கள். கடிபட்டும் அவர் பிழைத்தார். அடுத்த மாதமே, நவம்பர் 18-இல், கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனில், ஜிம் ஜோன்ஸ் என்ற வேறொரு குருவை நம்பிப் போன 900-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ முந்நூறு பேர் குழந்தைகள்.

கண்டுகொள்வது எப்படி? ராபர்ட் லிஃப்டன் என்ற மனநல மருத்துவர், சீனச் சிறைகளில் மனமாற்றத்துக்கு ஆளாகி விடுதலையானவர்களிடம் பேசி, 1961-இல் எட்டு அடையாளங்களை எழுதினார். எட்டையும் சொல்ல நேரமில்லை. தம்பி கதையிலேயே மூன்று இருக்கின்றன. வெளியே யாரோடு பேசலாம், எதைப் படிக்கலாம் என்று அவர்களே தீர்மானிப்பது. உங்கள் ரகசியத்தை வாங்கி வைத்துக்கொள்வது. நம் பேச்சையே மாற்றிவிடுவது. கூலியில்லா வேலை சேவை ஆகிவிடும், சந்தேகம் நோய் ஆகிவிடும், அம்மா தடை ஆகிவிடுவார். நான் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். குணமானால் குருவால், குணமாகாவிட்டால் உன்னால் என்று எங்கே சொன்னாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். மாத்திரையை நிறுத்து என்று டாக்டர் அல்லாதவர் சொன்னாலும் அப்படியே.

பெரியவர்கள் தவறாக எண்ணக் கூடாது, நான் பக்திக்கு எதிரி அல்ல. அய்யாவழிக்குத் தலைப்பதியான நம் சாமித்தோப்பைப் பாருங்கள். 1809-இல் பிறந்த வைகுண்டர் திருவனந்தபுரத்துச் சிறைக்கும் போய் வந்தவர். தலைப்பாகை கட்ட உரிமையில்லாத மக்களைத் தலைப்பாகை கட்டி வரச் சொன்னார். அங்கே பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. போய் நின்றால் உன் முகம் உனக்குத் தெரியும். என் முகத்தைப் பார், உன் முகத்தை மறந்துவிடு என்கிறவரையும், நிமிர்ந்து நின்று உன் முகத்தைப் பார் என்கிறவரையும் ஒரே தராசில் நிறுத்த எனக்கு மனசு வராது. மந்திரம் கால், மதி முக்கால். கண்ணாடி அந்த முக்காலை நம்மிடமே விட்டுவைக்கிறது.

மீள்வது பற்றி. வந்த ஆளிடம் 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லாதீர்கள். தம்பிக்கு முதல் ஆறு மாதம் எந்தச் சட்டையைப் போடுவது என்றுகூட முடிவெடுக்கத் தெரியவில்லை. எங்காவது மணிச் சத்தம் கேட்டால் கண் நிலைகுத்தி நிற்கும். இப்படி வெளியே வந்த பலரிடம் பேசி 1970-களிலேயே எழுதியவர் மார்கரெட் சிங்கர் என்ற உளவியலாளர். முடிவெடுக்கத் திணறுவது, திடீரென்று பழைய மயக்கத்துக்குள் வழுக்கிப்போவது, குற்ற உணர்வு, தனிமை என்று அவர் சொன்னது அத்தனையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள். 14416 என்ற எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழில் பேசலாம்.

ஆனால் மாத்திரை உறக்கத்தைத் தந்தது. பகல் பொழுதுக்கு யார் துணை? ஒருநாள் அவன் இந்த வாசகசாலைக்குள் வந்தான். அன்றைக்கு இருந்த நூலகர் மாமா, இப்போது அவர் இல்லை, ஒன்றும் கேட்கவில்லை. பேப்பரை மடிப்பு நீக்கி அவன் முன்னால் வைத்தார். மறுநாளும் வைத்தார். மூன்றாம் வாரம் இருவரும் ரப்பர் விலையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். என் தம்பி ஒருவரோடு கருத்து வேறுபட்டான், யாரும் அவனைத் தண்டிக்கவில்லை! எனக்கு அன்றுதான் அவன் வீடு வந்து சேர்ந்தான் என்று தோன்றியது.

அதனால்தான் நான் போகிற மேடையெல்லாம் வாசகசாலை, வாசகசாலை என்று சொல்கிறேன். 1945-இல் பி. என். பணிக்கர் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தை 47 நூலகங்களோடு தொடங்கினார். அப்போது நாமும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-இல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தோம், வாசகசாலைப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தோம். இன்று எத்தனை ஊரில் அந்தக் கதவில் பூட்டுத் தொங்குகிறது! மாலை ஆறு மணிக்குப் பிறகு, தனியாக இருக்கிற ஒரு மனிதன் காசு கொடுக்காமல், ரகசியம் சொல்லாமல், போய் இருக்க நம் ஊர்களில் எந்த இடம் திறந்திருக்கிறது? டாஸ்மாக்குக்குக் காசு வேண்டும். மற்றதை அந்த முகாம்காரர்கள் நிரப்புகிறார்கள். பேரூராட்சித் தலைவர் அவர்களே, உங்களிடம் மனுவாகவே கேட்கிறேன். இந்தக் கட்டடத்துக்கு மின்கட்டணமும் கூரைக்குச் சிமெண்ட் ஷீட்டும் கொடுங்கள், ராத்திரி எட்டரை வரை நாங்கள் திறந்துவைக்கிறோம். பங்குத்தந்தை அவர்களும் ஜமாஅத் தலைவர் அவர்களும் ஆளுக்கொரு பேப்பர் சந்தா ஏற்பதாக மேடை ஏறும் முன்பே சொல்லிவிட்டார்கள், நன்றி. நிழல்தாங்கல் பெரியவர் இரண்டு பெஞ்ச் தருகிறேன் என்றார்.

சட்டத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன், தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை மட்டும். மந்திரத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. மகாராஷ்டிரம் 2013-இலும் கர்நாடகம் 2017-இலும் இந்த மாதிரி ஏமாற்றுகளுக்குத் தனிச் சட்டம் போட்டன. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-இல் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. மீதியை அடுத்த மாதக் கூட்டத்தில் நம் வக்கீல் தம்பி சொல்வார்.

வாசல் மேசையில் ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறேன். அதில் ரகசியம் எதுவும் எழுத வேண்டாம். பெயரும், வாரத்தில் எந்த நாள் மாலை ஒரு மணி நேரம் இங்கே வந்து இருக்க முடியும் என்பதும் போதும். வெள்ளிக்கிழமைக்கு நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சாவி என் தம்பியிடம் இருக்கிறது. மற்ற ஐந்து நாளுக்கு ஆள் வேண்டும்.