116 ஆட்டம், 4 தோல்வி! நடாலின் ரகசியம் எங்கள் கிறவல் றோட்டில் இருக்கிறது

வணக்கம். முதலில் இந்தப் பந்தைப் பாருங்கள். டெனிஸ் பந்து. கிளிநொச்சிப் பக்கம் இதற்கு ஒரே வேலைதான், கிரிக்கெட். டெனிஸ் மட்டையோடு ஒரு ஆளை எங்கள் ஒழுங்கையில் நான் இதுவரை கண்டதில்லை, ஆனால் பந்து மட்டும் எல்லார் வீட்டுக் கூரைப் பீலியிலும் ஒன்று கிடக்கும்.

இதே பந்தை வைத்துக்கொண்டு பாரிஸில் நடக்கிற பிரெஞ்ச் பகிரங்கத் தொடரில் ஒருவர் 116 ஆட்டங்கள் ஆடினார். தோற்றது நான்கே நான்கு. 2009இல் சோடர்லிங்கிடம், 2015இலும் 2021இலும் ஜோகோவிச்சிடம், 2024இல் ஸ்வெரெவிடம். அவ்வளவுதான். சம்பியன் பட்டம் 14 தடவை. ரபாயல் நடால்.

வாழ்க்கை வரலாற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் வேறு வீடியோவுக்குப் போய்விடுவீர்கள். ஸ்பெயினின் மயோர்க்கா தீவு, மனகோர் என்ற ஊர், பிறந்தது 1986. பழக்கியவர் சொந்தச் சித்தப்பா டோனி. கிராண்ட்ஸ்லாம் என்கிற நான்கு பெரிய தொடர்களிலும் சேர்த்துப் பட்டம் 22, 2008இல் ஒலிம்பிக் தங்கம், 2024 நவம்பரில் ஓய்வு. முடிந்தது. இனி மண்ணுக்கு வருவோம்.

நான் இப்போது நிற்பது கிறவல் றோட்டில். கமெராவைக் கீழே இறக்குகிறேன், என் செருப்பைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். பிரெஞ்ச் பகிரங்கத் தொடர் நடக்கிற ரோலன் கரோஸ் மைதானமும் இதே நிறம்தான். ஆனால் அது மண்ணே இல்லை! செங்கல்லை இடித்துத் தூளாக்கி மேலே தூவியிருக்கிறார்கள், அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். அதற்குக் கீழே இருப்பது வெள்ளைச் சுண்ணாம்புக்கல். இதைப் படித்த அன்று எனக்கு நித்திரையே வரவில்லை. உலகமே பார்க்கிற அந்தச் சிவப்பு வெறும் பூச்சு. அதைக் கூட்டுவார்கள், புழுதி எழும்பாமல் தண்ணீர் தெளிப்பார்கள். காலையில் எங்கள் அம்மா முற்றத்தில் செய்கிற அதே வேலை, அங்கே செய்தால் சம்பளம் உண்டு.

சரி, இப்போது பந்தைத் தார் போட்ட காப்பெட் றோட்டில் அடித்துக் காட்டுகிறேன். விர்ரென்று ஓடிவிடுகிறது. கிறவலில் அடித்தால்? மண்ணில் உரசி வேகம் குறைந்து, நின்று நிதானமாக எழும்புகிறது. சாதாரண ஆட்டக்காரருக்கு இது தலையிடி, எவ்வளவு பலமாக அடித்தாலும் எதிராளி ஓடிவந்து எடுத்துவிடுவார். நடாலுக்கு இது வரம், காரணம் அவர் பந்தைச் சுழற்றுகிற விதம்.

அதிவேகக் கமெரா வைத்து அளந்திருக்கிறார்கள். நடால் அடிக்கிற பந்து நிமிடத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 3200 தடவை சுற்றுகிறது. முந்திய சம்பியன்கள் சம்ப்ராஸ், அகாசி காலத்தில் அது 1900 அளவில்தான். எங்கள் வீட்டு விசிறியை முழு வேகத்தில் விட்டாலும் 300ஐச் சற்றுத் தாண்டும், அதுவும் கறண்ட் ஒழுங்காக இருந்தால். இப்படி முன்பக்கமாகச் சுழலும் பந்தைக் காற்றே கீழே அமுக்கும். அதனால் வலைக்கு மேலே எவ்வளவோ உயரத்தில் போனாலும் கோட்டுக்குள்ளே வந்து விழும். விழுந்த பிறகுதான் விளையாட்டே இருக்கிறது. சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு, பெடலை வேகமாகச் சுற்றிவிட்டு, பின் சில்லு சுழலும்போதே ஸ்டாண்டிலிருந்து தள்ளிப் பாருங்கள். சில்லு மண்ணைக் கவ்விய உடனே சைக்கிள் முன்னால் பாயும். (செய்து பார்த்தேன். முழங்காலில் பிளாஸ்டர் ஒட்டியிருப்பது அதனால்தான்.) நடாலின் பந்தும் அப்படித்தான் மண்ணைக் கவ்வி, எதிராளியின் தோளுயரத்துக்குப் பாயும்.

அது யாருடைய தோளுக்கு என்பதுதான் கொடுமை. நடால் எழுதுவது வலது கையால், டெனிஸ் ஆடுவது இடது கையால். இடது கையால் குறுக்கே அடித்தால் பந்து வலதுகைக்காரரின் பேக்ஹேண்டுக்கு, அதாவது மட்டை பிடிக்கிற கைக்கு மறுபக்கத்துக்குப் போகும். நடாலின் பெரிய போட்டியாளர் பெடரருக்கோ ஒற்றைக்கைப் பேக்ஹேண்ட். உயரமான வேலிக்குக் கிடுகு கட்டியவர்களுக்குத் தெரியும், கை தோளுக்கு மேலே போனால் பலம் பாதியாகிவிடும். ரோலன் கரோஸில் இருவரும் ஆறு தடவை மோதினார்கள், ஆறிலும் நடால்தான். 2008 இறுதிப்போட்டி 6-1, 6-3, 6-0. பெடரர் ரசிகர்களே, கொமெண்டில் வந்து ஏசுங்கள், பரவாயில்லை, பார்வை கூடும்.

ஆனால் "மண்ணில் மட்டும்தான் அவர் ராசா" என்று சொல்கிற ஆட்களோடு எனக்குக் கோபம். அதே 2008இல் விம்பிள்டன் புல்லில் அதே பெடரரை 4 மணி 48 நிமிடம் ஆடி, இருட்டுப்படுகிற நேரத்தில் கடைசி செட்டை 9-7 என்று வென்றார். 22இல் எட்டுப் பட்டங்கள் வேறு தரைகளில் வந்தவை. எட்டு என்பது சும்மாவா?

தண்ணீர்ப் போத்தல் விசயம் உங்களுக்கே தெரியும், லேபல் ஆடுகளத்தைப் பார்க்க இரண்டு போத்தலையும் நேராக வைப்பார். எங்கள் அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் பாக்குவெட்டி இருக்கிற மாதிரி, ஒருவரும் தொடக்கூடாது.

2018 ஒக்டோபரில் மனகோருக்குப் பக்கத்து ஊரில் வெள்ளம் வந்து சனம் செத்தது. நடால் சப்பாத்தும் தும்புத்தடியுமாகப் போய்ச் சேறு தள்ளினார், தன் பயிற்சி நிலையத்தைத் தங்குவதற்குத் திறந்துவிட்டார். அந்த டிசம்பரில் இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்தபோது நாங்களும் இங்கே சேறு தள்ளிக்கொண்டிருந்தோம். ஆந்திராவின் அனந்தபூரிலும் அவரது அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளுக்கு டெனிஸும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறது.

2025 மேயில் ரோலன் கரோஸ் பெரிய மைதானத்திலேயே அவரது சப்பாத்துத் தடத்தைத் தகட்டில் பதித்து வைத்தார்கள். பெடரர், ஜோகோவிச், மரே மூவரும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். எங்கள் வீட்டு விறாந்தையிலும் சீமெந்து காயமுதல் ஓடிப்போன ஒரு நாயின் தடம் இருக்கிறது. அடுத்த வீடியோவில் காட்டுகிறேன், சப்ஸ்கிரைப் பண்ணி வையுங்கள்.