அருங்காட்சியகத்து ஏர்

நண்பர்களே, வணக்கம்.

'தி வாக்கிங் டெட்' தொடரை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். 2010 முதல் 2022 வரை 11 சீசன், 177 எபிசோடு. மீதிப் பேர் "பிணம் எழுந்து வந்து கடிக்குமே, அதுவா?" என்று கேட்பீர்கள். அதேதான். ஆனால் இன்று நான் பேச வந்தது ஓர் ஏரைப் பற்றி.

2018 அக்டோபரில் ஒன்பதாவது சீசன் தொடங்குகிறது. பெரிய சண்டை ஓய்ந்துவிட்டது. அலெக்சாண்ட்ரியா, ஹில்டாப், கிங்டம் என்று சில குடியிருப்புகள் தப்பிப் பிழைத்து நிற்கின்றன. இனி பயிர் செய்தால்தான் சோறு. கதாநாயகன் ரிக் கிரைம்ஸ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு எங்கே போகிறார் தெரியுமா? வாஷிங்டனில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு. முன்பு ஜனங்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போன பழைய ஏரும் கூண்டு வண்டியும் விதையும்தான் இப்போது அவர்களுக்குப் புதையல்.

அந்தக் கூடத்தின் தரை கண்ணாடி. அதற்குக் கீழே நடைப்பிணங்கள் முண்டியடித்து நிற்கின்றன. வண்டியைக் கயிறு கட்டி இறக்கி, அந்தக் கண்ணாடிமேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறார்கள். கண்ணாடி உடைந்து, கிங்டம் தலைவர் எசக்கியேல் கயிற்றில் தொங்குகிறார். நான் அந்த இடத்தில் தொடரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கத்தி பிடிக்க இவர்கள் எல்லோரும் எப்போதோ கற்றுக்கொண்டார்கள். ஓர் ஏருக்காக இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறதே!

திரும்பும் வழியில் வண்டி சேற்றில் சிக்குகிறது. பிணங்கள் நெருங்குகின்றன. பூட்டிய குதிரைகளை விட்டுவிட்டு ஓட மனமில்லாமல் கென் என்ற பையன் அவிழ்த்துவிடப் போகிறான். கடி படுகிறது, குதிரையும் உதைக்கிறது. அங்கேயே போய்விடுகிறான். அவன் அப்பா ஏர்ல், ஹில்டாப்பின் கொல்லர்.

துக்கத்தில் மறுபடி குடிக்க ஆரம்பித்த ஏர்லை, ஹில்டாப் தலைவர் பதவியை மேகியிடம் இழந்த கிரெகரி தூண்டிவிடுகிறான். ஏர்ல் மேகியைத் தாக்குகிறார். மேகி கிரெகரியை எல்லோர் முன்னிலும் தூக்கிலிடுகிறாள். ஏர்ல் சிறையில்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. கொண்டுவந்த ஏர் பழுதாகிவிடுகிறது. சரிசெய்யத் தெரிந்தவர் ஏர்ல்தான். மேகி சிறைக்குப் போய் அவரிடம் பேசுகிறாள், குடியோடு அவர் பட்ட பாட்டையெல்லாம் கேட்கிறாள். பிறகு காவலோடு பட்டறைக்கு அனுப்புகிறாள். மகன் உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த ஏர், மேகியைக் கொல்ல வந்த கையாலேயே சீராக வேண்டும். இதைவிட நல்ல தீர்ப்பு இந்தத் தொடரில் இல்லை என்பேன். கிரெகரிக்குக் கயிறு கொடுத்த அதே மேகிதான் இதையும் செய்கிறாள்.

வருஷங்கள் ஓடுகின்றன. பிணத்தோல் போர்த்தித் திரியும் ஒரு கூட்டம் ஹில்டாப் வாசலுக்கு வருகிறது. அதில் ஒருத்தியின் கைக்குழந்தை அழுகிறது. சத்தம் கேட்டால் பிணங்கள் வருமே! கூட்டத்தின் தலைவி ஆல்ஃபா கண்ணைக் காட்ட, தாய் குழந்தையைத் தரையில் வைத்துவிட்டு நிற்கிறாள். மக்காச்சோளக் கொல்லைக்குள் ஒளிந்திருக்கும் கானிக்குக் காது கேட்காது. அழுகை அவளுக்கு எட்டவில்லை, குழந்தையின் முகம்தான் தெரிகிறது. பாய்ந்து அள்ளிக்கொண்டு கொல்லைக்குள் ஓடுகிறாள்.

அந்தக் குழந்தை யார் வீட்டுக்குப் போனது தெரியுமா? ஏர்ல் வீட்டுக்கு. கென்னைப் பெற்ற டாமி ரோஸ் மடிக்கு.