தேரூர்க் குளக்கரையில் ஐப்பசி

(வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். பறவையைப் பற்றி மேடையேறுகிறவர்கள் எல்லாரும் செங்கால் நாரைப் பாட்டில்தான் தொடங்குவார்கள். அதை நான் சொல்லப்போவதில்லை; உங்களுக்கே மனப்பாடம். நான் பேச வந்தது ஒரு வாலைப் பற்றி.

வடநாடுகளில் இந்த மாதங்களுக்கு இலையுதிர் காலம் என்று பெயர். நம் குமரி மாவட்டத்து மரங்களுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் மறு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கிற மண் இது. கன்னிப்பூ என்னும் முதல் போக நெல்லை அறுத்து, அடுத்த போகமான கும்பப்பூவுக்கு உழுகிற வயலைப் பாருங்கள். டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் ஓடும். நடுவில் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் வாலாட்டி. அது இமயத்துக்கு அப்பாலிருந்து வந்தது என்றால் டிராக்டர் ஓட்டுகிறவர் சிரிப்பார். இப்படி வருகிறவை பல. உதிர்வது என்று ஒன்று நமக்கும் உண்டு: தாமரைக்கோழியின் வால்.

தேரூர்க் குளத்தில், தாமரை இலைமேல் தண்ணீர் படாமல் நடக்குமே, அந்தக் கோழிதான். நூல்களில் நீளவால் இலைக்கோழி. விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். எடை பரவிவிடுவதால் இலை அமிழ்வதில்லை. அது கால் வைக்கும்போது இலையின் விளிம்பு மட்டும் இலேசாகத் தாழும், ஒரு சொட்டு நீர் உள்ளே உருண்டு வரும், மறு காலெடுப்பதற்குள் அது வெளியே வழிந்துவிடும். முட்டையிட்ட பெட்டை அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் சேவலின் பாடு. (மகளிர் பக்கம் சிரிப்பு கேட்கிறது.)

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஐப்பசியில் பள்ளிப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப்போனேன். வாலில்லாத, வயிறு வெளுத்த பறவை ஒன்று நின்றது. “புதிய விருந்தாளி” என்று பெருமையாக அறிவித்தேன். பூப்பறிக்க இறங்கியிருந்தவர் இடுப்பளவு தண்ணீரிலிருந்தே சொன்னார்: “அண்ணாச்சி, அது இங்கேயே கிடக்கிற கோழிதான். மழையோடு வால் உதிர்ந்துவிடும், சித்திரைக்குப் பிறகு முளைக்கும்.” பிள்ளைகள் என்னை விட்டு அவர் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவர் தினமும் குளத்தில் நிற்கிறவர். நான் அப்போது ஆண்டுக்கு இரண்டு முறை எட்டிப்பார்க்கிறவன்.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் அதே கரைக்குப் போகிறேன். குளத்துக்கு மேல் பறந்து திரியும் வலசைப் பறவையான மீசை ஆலாவும் இதே கதைதான்: வரும்போது வெளுத்த வயிறு, பங்குனியில் புறப்படுவதற்குள் அதில் கரி பூசியது போலிருக்கும். ஒருமுறை பார்க்கிறவர் இரண்டு பறவை என்றே எழுதிவைப்பார்.

பறவை மட்டுமில்லை. ஐப்பசியில் தட்டான்கள் கூட்டங்கூட்டமாகப் பறக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு வகை அக்டோபரில் மாலத்தீவில் வந்திறங்குகிறது. முட்டையிட அங்கே நன்னீர் அரிது. காற்றைப் பிடித்துக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள். விரற்கடை நீளப் பூச்சி!

2022-ல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பெருமையைப் பேசிக்கொண்டே தேநீர்க் கோப்பையைத் தண்ணீரில் எறிகிறவர்களையும் அதே கரையில் பார்க்கிறேன்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கரையில் நிற்பேன். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வாருங்கள். ஒரு நோட்டு, பென்சில், குடை போதும். பேனா மழையில் அழிந்துவிடும். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.