இயந்திரத்தை ஓட்டுவதும் கைதான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'குவில்ட் விரிப்புக்குச் சிறந்தது கைத்தையலா, இயந்திரத் தையலா?' என்ற தலைப்பில் இயந்திரத் தையலின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். இரு துணிகளுக்கு நடுவே பஞ்சை வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்கும் விரிப்புதான் குவில்ட்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, கையால் தைத்ததில் உயிர் இருக்கிறது, இயந்திரத்தில் தைத்ததில் வேகம் மட்டுமே இருக்கிறது என்றார். அவர் சொன்னவற்றில் ஒன்றை மனமார ஏற்கிறேன். கைத்தையலில் ஒரே நூல் மேலும் கீழுமாக ஓடுகிறது. விரிப்பு மெத்தென்று குழைகிறது. இயந்திரத்தில் மேல்நூலும், அடியிலிருந்து வரும் பாபின் நூலும் ஒவ்வொரு தையலிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்வதால் சற்று விறைப்பு வரும். ஆனால் நாள்தோறும் போர்த்தி, அடிக்கடி துவைக்கிற விரிப்புக்கு அந்தப் பிடிப்புதான் வேண்டும்.

உயிர் இல்லை என்ற பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. குவில்ட் தைக்கும்போது இயந்திரத்தின் அருகில் வந்து பாருங்கள். துணியைத் தள்ளும் பற்களை இறக்கிவிடுகிறோம். அதன்பின் இயந்திரம் துணியை நகர்த்தாது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கையும் இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்து, இலையாக, கொடியாக, சுழியாக நாமே நகர்த்துகிறோம். பேனா ஓரிடத்தில் நிற்க, தாளை நகர்த்திப் படம் வரைவது போன்றது அது. கால் மிதிக்கும் வேகத்தைக் கை முந்தினால் தையல் நீண்டுவிடும். பிந்தினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். இது கைவேலை இல்லையென்றால் வேறு எது கைவேலை?

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் 1880-களில் விவிலியக் காட்சிகளை வைத்துச் செய்த குவில்ட் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கைத்தையலும் உண்டு, இயந்திரத் தையலும் உண்டு. அந்தப் பெண்மணி இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்கவில்லை. கோடு கிழித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். கென்டக்கியின் பதூக்கா நகரில் நடந்த அமெரிக்கக் குவில்டர்கள் சங்கப் போட்டியில், இயந்திரத்தில் தைத்த விரிப்பு ஒன்று முதன்முதலாகத் தலைசிறந்த பரிசைப் பெற்றது 1989-இல்தான். சூரிய கிரகணத்தைக் காட்டும் அந்த விரிப்பைச் செய்தவர் காரல் பிரையர் ஃபாலர்ட். அவருக்கு முன்பு எத்தனை நல்ல கைகள், இயந்திரத்தைத் தொட்டதாலேயே ஒதுக்கப்பட்டிருக்கும்!

நடுவர் அவர்களே, உங்கள் மேசையில் ஒரு விரிப்பை வைக்கிறேன். இதன் மேல்துணியை என் அம்மா துண்டு துண்டாகக் கையால் இணைத்தார். பிறகு விரல் மூட்டுகள் வீங்கி, ஊசி குத்தாமல் காக்கும் விரலுறையைக்கூட மாட்ட முடியாமல் போனது. ஆறு ஆண்டுகள் இது மடித்தபடியே அலமாரியில் கிடந்தது. கையால்தான் முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இன்றும் அங்கேதான் கிடக்கும். நான் இயந்திரத்தில் முடித்தேன். அம்மா அருகில் அமர்ந்து, கொடி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இடது ஓரத்தில் மூன்றாவது கட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே சில தையல்கள் மட்டும் நீண்டிருக்கும். அம்மா சிரித்தார், நான் திரும்பிப் பார்த்தேன், கை முந்திவிட்டது. அதை நான் பிரிக்கவில்லை.