பட்டன்லேருந்து ரோவுக்கு: யுஐ ஆட்டோமேஷன்ல மேல்நோக்கித் தேடுறது

[திரை: டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் ஆப் எழுதற ஃபிரேம்வொர்க்) டேட்டா கிரிட், அதாவது அட்டவணை. ரோவுக்கு ஒரு 'நீக்கு' பட்டன்.]

யுஐ ஆட்டோமேஷன்ங்கறது திரையில இருக்கற எலிமென்ட்டுகளை ஒரு மரமா கோட்டுக்குக் காட்டற விண்டோஸ் வசதி. அதை வெச்சு ஒரு டெஸ்ட் எழுதறோம், 'நீக்கு' பட்டன் கோட்ல கிடைச்சாச்சு. அது எந்த ரோவோடது? கீழே தேட ஃபைண்ட்ஃபர்ஸ்ட் இருக்கு. மேலே தேடவும் அதையே எடுத்து, எந்தப் பக்கம் தேடணும்னு சொல்ற ட்ரீஸ்கோப்ல ஆன்செஸ்டர்ஸ்னு (மேலே இருக்கறவை) குடுத்தா கம்பைல் ஆகும். ஓட்டினா எரர்தான். பேர் இருக்கே தவிர, அந்தத் தேடலுக்கு ஆதரவு கிடையாது.

[திரை: இன்ஸ்பெக்ட் கருவி. கீழேயிருந்து மேலே: பட்டன், கஸ்டம் (செல்), டேட்டா ஐட்டம் (ரோ).]

ரெண்டு படி ஏறினா ரோ. உடனே, ஒரு படி மேலே போற கெட்பேரன்ட்டை ரெண்டு தடவை கூப்பிடத் தோணும். வேண்டாம். டெவலப்பர் அந்த பட்டனை ஒரு ஸ்டேக் பேனலுக்குள்ள வெச்சா எதுவும் மாறாது, பேனலுக்கு ஆட்டோமேஷன் பியர் (மரத்துல அதைக் காட்டற பொருள்) இல்ல. யூசர் கன்ட்ரோலுக்குள்ள வெச்சா ஒரு படி கூடிடும். டெஸ்ட் சில மாற்றத்துக்குத் தாங்கி, சிலதுக்கு உடையறது இதனாலதான்.

[திரை: கோட், வரி வரியா.]

எத்தனை படின்னு எண்ணாதீங்க, என்ன வேணும்னு சொல்லுங்க. கன்ட்ரோல் டைப் டேட்டா ஐட்டமா இருக்கணும்னு ஒரு ப்ராப்பர்டி கண்டிஷன். அதைக் குடுத்துப் புதுசா ஒரு ட்ரீவாக்கர், அதாவது கண்டிஷனுக்குப் பொருந்தறதை மட்டும் பார்த்து மரத்துல நடக்கற பொருள். அந்த வாக்கரோட கெட்பேரன்ட்டுக்கு பட்டனைக் குடுத்தா, நடுவுல இருக்கற செல்லைத் தாண்டி நேரா ரோ வரும்.

பக்கத்துலயே நார்மலைஸ்னு ஒரு மெத்தட். அது குடுத்த எலிமென்ட்லேருந்தே பார்க்க ஆரம்பிக்கும். ரோவையே குடுத்தா அதே ரோ திரும்பி வரும், சில இடத்துல அதுதான் வசதி. ஆனா எதுவுமே பொருந்தலைன்னா ரூட் எலிமென்ட்டை, அதாவது டெஸ்க்டாப்பை, கையில குடுத்துடும். நல் செக் (எதுவும் வரலையான்னு பார்க்கறது) அங்க உதவாது. கிடைச்சதோட கன்ட்ரோல் டைப்பை ஒருமுறை பாருங்க.

[திரை: மெயின் விண்டோ மேல ஒரு டயலாக்.]

டயலாக்ல இருக்கற பட்டன்லேருந்து மெயின் விண்டோவைத் தேடறீங்க, கண்டிஷன்ல விண்டோன்னு மட்டும் இருக்கு. வர்றது டயலாக்தான், அதுவும் விண்டோதானே! ஆண்ட் கண்டிஷன் போட்டு ஆட்டோமேஷன் ஐடியையும் (எலிமென்ட்டை அடையாளம் காட்டற ஐடி) சேருங்க. நேம் வேண்டாம், மொழி மாறினா அதுவும் மாறும்.

கிரிட்ல ரோக்கள் நிறைய இருந்து விர்ச்சுவலைசேஷனும் (திரையில தெரியற ரோக்களை மட்டும் உருவாக்கறது) ஓடினா, ஸ்க்ரோலுக்கு முன்னாடி எடுத்து வெச்ச ரோவை நம்பக்கூடாது. எலிமென்ட் நாட் அவைலபிள்னு எக்ஸப்ஷன் வரலாம். ஸ்க்ரோலை முடிச்சு, பட்டனை மறுபடி பிடிச்சு, அங்கேருந்து மேலே ஏறுங்க.